ஒரு கப் மைதா எத்தனை கிராம்? மாம்பழ கேக் செங்கல்லாப் போச்சு, யாராவது சொல்லுங்க

பாலக்கோட்டு மருமக
சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டுப் போறவ நான். எழுதுறது இதான் முதல் தடவை, அதுவும் ஒரு துக்கத்தைச் சொல்ல.

பையனுக்கு இன்னைக்குப் பிறந்தநாள். தோட்டத்துல அல்போன்சா பழுத்துக் கிடக்கு, கடையில கேக் வாங்க மனசு வரல. டாலஸ்ல இருக்கிற என் நாத்தனார் போன்ல ஒரு மாம்பழ கேக் செய்முறை சொன்னாங்க, முட்டை இல்லாதது. மைதா 2 கப், சர்க்கரை 1 கப், மாம்பழக் கூழ் 1 கப், தயிர் அரை கப், எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. ஓவன்ல 180 டிகிரி, 40 நிமிஷம். அவங்க வீட்டுல பஞ்சு மாதிரி வருதாம்.

எனக்கு வந்ததைச் சொல்லவா? மாவு கரைக்கும்போதே சந்தேகம்தான். கரண்டியில எடுத்தா விழல, தட்டித்தான் விழ வைக்கணும். வெந்து வெளிய வந்ததும் நடுவுல பாளம் பாளமா வெடிச்சிருந்துச்சு. வெட்டினா கத்தி உள்ள போயிடுது, வெளிய வரமாட்டேங்குது. மாமா ஒரு துண்டு வாயில போட்டுட்டு, "களி உருண்டையாட்டம் கெட்டியா இருக்கே, சாம்பார் ஊத்திக்கலாமா?"ன்னு கேட்டாரு. பையன் சிரிச்சிட்டான். நான் அடுப்படிக்குப் போயி அழுதேன்.

நாத்தனார்கிட்ட கேட்டா "அண்ணி, கிராம்ல போட்டா தப்பே வராது"ங்கறாங்க. கிராம் எத்தனைன்னு கேட்டா அவங்களுக்கும் தெரியல. வலையில தேடினா ஒரு கப் மைதா 120ங்கறான் ஒருத்தன், 125ங்கறான் இன்னொருத்தன், 140ம் இருக்கு, 150ம் இருக்கு. எதை நம்புறது? எங்க வீட்டுல தராசு கிடையாது.

அரூர் கேவுரு
சனி, இரவு 9:58

அக்கா, முதல்ல பையனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. செங்கல்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பொடிச்சு பால் ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சா புட்டிங் மாதிரி ஆயிடும். நான் கேவுரு கேக் பழகின காலத்துல வாரம் ரெண்டு புட்டிங் சாப்பிட்டோம்.

கேள்வி என்னன்னா, நீங்க எந்தக் கப்புல அளந்தீங்க? மைதாவ எப்படி அள்ளினீங்க? இது ரெண்டும் தெரியாம யார் என்ன சொன்னாலும் அது ஜோசியம்தான்.

கண்ணளவு
சனி, இரவு 10:15

இதுக்கெல்லாம் கிராமா? எங்கம்மா நாப்பது வருஷமா தராசு இல்லாமதான் சமைக்கிறாங்க. அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்க எந்த மிஷின் வெச்சாங்க? கை சொல்லும், கண்ணு சொல்லும். வெள்ளைக்காரன் பலகாரம்னா மட்டும் கிராம், மில்லின்னு ஆரம்பிச்சிடறோம்.

ஓசூர் மாஸ்டர்
சனி, இரவு 11:05

கண்ணளவு அண்ணே, உங்க அம்மாவுக்கு என் கும்பிடு. ஆனா ஒண்ணு சொல்றேன். அதிரசப் பாகு அடுப்புல இருக்கிற வரைக்கும் உங்க அம்மா கையில இருக்கு. தண்ணியா இருந்தா இன்னும் காய்ச்சலாம், முறுகிப் போச்சுன்னா கொஞ்சம் தண்ணி தெளிக்கலாம். களியும் அப்படித்தான், கிண்டக் கிண்ட மாவு தூவலாம், வெந்நீர் ஊத்தலாம். கேக்கை ஓவனுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தினீங்கன்னா கதை முடிஞ்சுது. நாப்பது நிமிஷம் கழிச்சுதான் தப்பு தெரியும், தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல. அதனாலதான் முன்னாடியே அளவு.

நான் பேக்கரி அடுப்புல 20 வருஷமா நிக்கிறேன். எங்க பட்டறையில கப்புங்கிற பாத்திரமே கிடையாது. மைதா நிறுப்போம், சர்க்கரை நிறுப்போம், தண்ணியக்கூட நிறுப்போம். தண்ணி ஒரு மில்லி ஒரு கிராம், அதனால தொந்தரவு இல்ல. ரொட்டிக்குக் கணக்கு மைதாவ நூறுன்னு வெச்சுதான். மைதா நூறுன்னா உப்பு ரெண்டு. பத்து கிலோ போட்டாலும் சரி, அரைக் கிலோ போட்டாலும் சரி, கணக்கு ஒண்ணுதான். கப்புல இப்படிப் பேச முடியாது.

தங்கச்சி, அரூர் பொண்ணு கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. எந்தக் கப்பு?

பாலக்கோட்டு மருமக
ஞாயிறு, காலை 7:20

அண்ணா, மைதாவும் சர்க்கரையும் காபி குடிக்கிற எவர்சில்வர் டம்ளர்ல அளந்தேன். கூழ், தயிர், எண்ணெய் மூணும் அரிசி குக்கரோட வந்த பிளாஸ்டிக் கப்புல. அதுலதான் கோடு போட்டிருக்கு, தண்ணிச் சாமானுக்கு நல்லதுன்னு நெனச்சேன். ரெண்டுமே கப்புதானே?

மைதாவ அளந்து கொடுத்தது எங்க அத்தை. டம்ளரை டப்பாக்குள்ள விட்டு அள்ளி, நாலு தட்டு தட்டி, மறுபடி நெரவி, தலை தட்டிக் கொடுத்தாங்க. "கொறைச்சு அளக்கக் கூடாதும்மா, பிறந்தநாள் அதுவுமா"ன்னாங்க.

அரூர் கேவுரு
ஞாயிறு, காலை 7:31

திருடன் அகப்பட்டான் 😄 ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரு!

டெக்சாஸ் தர்மபுரிக்காரி
ஞாயிறு, காலை 8:02

நான் இலக்கியம்பட்டில பொறந்து வளர்ந்து இங்க வந்து பதினோரு வருஷம். இந்தக் கப்புச் சண்டை எனக்கு அத்துப்படி.

இங்க அமெரிக்காவுல சமையல் கப்புன்னா 236.6 மில்லி. சத்து விவரம் அச்சடிக்கிற லேபிள்ல அதையே 240ன்னு முழுசாக்கிட்டாங்க. ஆஸ்திரேலியாவுல கப் 250. ஜப்பான்ல 200. நம்ம ஊர்க் கடையில விக்கிற அளவுக் கப் செட்டுல சிலது 240, சிலது 250, அடியில பார்த்தா போட்டிருக்கும். இந்த வித்தியாசமெல்லாம் பெரிசில்ல, எல்லாத்தையும் ஒரே கப்புல அளந்தா விகிதம் மாறாது, கேக் கொஞ்சம் பெரிசாவோ சின்னதாவோ வரும், அவ்வளவுதான்.

ஆனா அரிசி குக்கர் கப் 180 மில்லி! அது ஜப்பான்காரங்க பழைய அரிசி அளவு, 'கோ'ன்னு பேரு. குக்கர் அங்கிருந்து வந்தப்ப கப்பும் கூடவே வந்துடுச்சு. அது கப்பு மாதிரி இருக்கும், ஆனா முக்கால் கப்புதான். நானும் இங்க வந்த புதுசுல இதே குழியில விழுந்தேன்.

இன்னொண்ணு, இங்கத்து செய்முறையில வெண்ணெய் 'ஒரு ஸ்டிக்'னு வரும். அது அரை கப், 113 கிராம். நம்ம ஊர் நூறு கிராம் அமுல் கட்டிய அப்படியே போட்டா 13 கிராம் குறையும். ஸ்பூன்லயும் கவனம், டேபிள்ஸ்பூன் இங்க 15 மில்லி, ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு 20.

பழைய படி
ஞாயிறு, காலை 9:30

பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். வயது எழுபத்து நாலு. பேத்தி இந்த இழையைப் படித்துக் காட்டினாள். கேக் பற்றி எனக்குத் தெரியாது, அளவு பற்றிக் கொஞ்சம் தெரியும். அப்பா தானிய மண்டி வைத்திருந்தார்.

அந்த அம்மாவின் மாமியார் மேல் குற்றமில்லை. தட்டி, நெரவி, நிறைய அளப்பது நம் ஊர் மரியாதை. மண்டியில் படி அளக்கும்போது முதல் படியை "ஒண்ணு" என்று சொல்ல மாட்டோம். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவோம். கும்பமாக அளப்பது ஒரு கை, தலை தட்டி அளப்பது ஒரு கை. களத்தில் கூலி ஆளுக்கு அளக்கும்போது கும்பமாக அளக்கவில்லை என்றால் ஊர் பேசும். அந்தக் கை மைதா டப்பாவுக்குள்ளும் போயிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நாலு அளவை படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நெல், கேழ்வரகு, அவரைக்கொட்டை எல்லாம் முகத்தல். வெல்லம், புளி, மிளகாய், பஞ்சு எல்லாம் எடுத்தல். தானியம் தானாக உருண்டு படியில் அடங்கிவிடும், எத்தனை தட்டினாலும் கொஞ்சம்தான் இறங்கும். புளியைப் படியில் போட்டு யாராவது அளப்பார்களா? அமுக்கினால் ஒரு அளவு, விட்டால் ஒரு அளவு. மாவும் புளியின் ஜாதிதான் என்று நினைக்கிறேன், பார்க்க மட்டும் தானியம் மாதிரி.

கணக்கு வேண்டுமானால் இதோ. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்கு சுமார் 168 மில்லி, ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. டெக்சாஸ் அம்மா சொன்ன 250 மில்லி கப்பு ஏறத்தாழ ஒன்றரை ஆழாக்கு. குக்கர் கப்பு ஆழாக்குக்கு அண்ணன். எடையில் பலம் என்பது 35 கிராம், 40 பலம் ஒரு வீசை. அந்த 'ஸ்டிக்' வெண்ணெய் மூணே கால் பலம் வரும். 1958 அக்டோபரில் கிலோ கணக்கு வர ஆரம்பித்தது, 1962 ஏப்ரலோடு பழைய கல்லெல்லாம் செல்லாது என்றார்கள். அப்பா வீசைக் கல்லை வித்துவிட்டார். படியை மட்டும் வித்ததில்லை. இப்போதும் வீட்டில் இருக்கிறது, பேத்தி அதில் பேனா போட்டு வைத்திருக்கிறாள்.

பாலக்கோட்டு மருமக
ஞாயிறு, காலை 10:05

ஐயா, நீங்க எழுதினதை அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். "லாபம், ரெண்டு" வந்ததும் சிரிச்சிட்டாங்க. அவங்களும் அப்படித்தான் எண்ணுவாங்களாம். "நல்லவேளை, லாபத்துக்கு ஒண்ணு, அப்புறம் ஒண்ணு, ரெண்டுன்னு மூணு டம்ளர் போடாம விட்டேன்"ங்கறாங்க.

தராசு வாங்காமயே இதைச் சரி பண்ண முடியுமா? இந்த மாசம் கை கொஞ்சம் கடி.

கிருஷ்ணகிரி டீச்சர்
ஞாயிறு, காலை 11:40

முடியும்மா. கடைச் சாமானுக்கே எடை போட்டிருக்கே, அதையே தராசாக்கிக்கலாம். என் ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு அடர்த்திப் பாடம் நடத்தும்போது இதைத்தான் செய்யச் சொல்லுவேன்.

முதல் வேலை: உங்க டம்ளர் எத்தனை மில்லின்னு பாருங்க. ஆவின் பால் அரை லிட்டர் பாக்கெட் ஒண்ணு பிரிச்சு டம்ளர்ல ஊத்துங்க. சரியா ரெண்டு டம்ளர் வந்தா 250. ரெண்டு நெறைஞ்சு கொஞ்சம் மிச்சம் இருந்தா 240 பக்கம். அதே பாலைக் குக்கர் கப்புல ஊத்திப் பாருங்க, ரெண்டு கப் போக முக்கால் கப் வரணும்.

ரெண்டாவது: பிரிக்காத அரைக் கிலோ மைதா பாக்கெட். அத்தை அளக்கிற மாதிரி தட்டித் தட்டி எத்தனை டம்ளர் வருதுன்னு எண்ணுங்க. அப்புறம் எல்லாத்தையும் ஒரு அகலமான தட்டுல கொட்டி, கரண்டியால கிளறிவிட்டு, கரண்டி கரண்டியா டம்ளர்ல போட்டு, தட்டாம, கத்தி முதுகால மேல வழிச்சு விட்டு எண்ணுங்க. ரெண்டு கணக்கையும் இங்க எழுதுங்க.

ஏன் மாறுதுன்னு கேட்டா, மாவுத் துகளுக்கு நடுவுல காத்து இருக்கு. தட்டினா காத்து போகுது, சலிச்சா காத்து ஏறுது. சர்க்கரையிலயும் காத்து உண்டுதான், ஆனா அந்தக் கல்லு கல்லான துகள் அவ்வளவா நெருங்காது. அதனால ஒரு கப் சர்க்கரைன்னா எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் 200 கிராம்தான் இருக்கும், மைதாவுக்குத்தான் ஆளுக்கொரு நம்பர். நீங்க பார்த்த 120ம் சரி, 150ம் சரி. அது ஒவ்வொருத்தர் கைக்கணக்கு.

"சலிச்ச மைதா ஒரு கப்"னா சலிச்சிட்டு அளக்கணும். "மைதா ஒரு கப், சலிச்சது"ன்னா அளந்துட்டு சலிக்கணும். ரெண்டுக்கும் எடை வேற. இலக்கணம் எங்கெல்லாம் உதவுது பாருங்க.

மளிகை அண்ணாச்சி, காவேரிப்பட்டணம்
ஞாயிறு, மதியம் 1:15

டீச்சர் சொன்ன மைதா சோதனைக்கு ஒரு எச்சரிக்கை. உதிரியா வாங்கின மைதா வேண்டாம், கம்பெனி பாக்கெட் வாங்குங்க. என் கடையிலயும் உதிரி விக்கிறேன், எடை சரியாத்தான் போடுவேன், ஆனாலும் நம்புங்கன்னு சொல்ல மாட்டேன் 😀

எண்ணெய் பத்தி யாரும் சொல்லல. எண்ணெய் ஒரு லிட்டர்னா ஒரு கிலோ கிடையாது, பாக்கெட்டுல பாருங்க, 910 கிராம்னு பக்கத்துலயே இருக்கும். அதுலயும் ஒரு விளையாட்டு நடந்துச்சு. சூடு ஏறினா எண்ணெய் விரியும், லிட்டருக்கு எடை குறையும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில 919.1 கிராம், 60 டிகிரியில 892.6 கிராம்தான். 60 டிகிரியில அளந்தேன்னு போட்டா பாக்கெட்டுக்கு இருபத்தஞ்சு கிராம் மிச்சம். வெப்பநிலையை எழுதாம கொள்ளளவும் எடையும் போடணும்னு 2022ல மத்திய அரசு சொல்லிடுச்சு. அரை கப் எண்ணெய்னா 110 கிராம்னு வெச்சுக்குங்க.

அப்புறம் அல்போன்சாவ கேக்குல போடுறது பாவம். அது வெட்டித் திங்கிற பழம். கேக்குக்கு பெங்களூரா போதும்.

அரூர் கேவுரு
ஞாயிறு, மதியம் 1:22

பெங்களூராவா? அது ஊறுகாய்க்கும் கூழ் ஃபேக்டரிக்கும் போற பழம் அண்ணாச்சி!

மளிகை அண்ணாச்சி, காவேரிப்பட்டணம்
ஞாயிறு, மதியம் 1:30

கூழ் ஃபேக்டரி அதை எதுக்கு வாங்குதாம்? சதை அதிகம், நார் கம்மி. கேக்குக்கு வேற என்ன வேணும்?

மட்டுறுத்துநர்
ஞாயிறு, மதியம் 2:00

மாம்பழ ரகச் சண்டைக்கு ஏற்கனவே 14 பக்கத்துல தனி இழை ஓடுது. அங்க போய் அடிச்சுக்குங்க.

பாலக்கோட்டு மருமக
ஞாயிறு, மாலை 5:50

டீச்சர், செஞ்சுட்டேன்!

பால் சரியா ரெண்டு டம்ளர். குக்கர் கப்புல ரெண்டும் முக்காலும், நீங்க சொன்னது அச்சு அசல். அரைக் கிலோ மைதா அத்தை கையில மூணு டம்ளர். ஒரு ஸ்பூன்கூட மிச்சமில்ல. அதே மைதா கரண்டியால தூவிப் போட்டு வழிச்சப்ப நாலு டம்ளர்!

அத்தை நம்பல. திரும்ப அளந்தாங்க. திரும்பவும் மூணு. நான் அளந்தேன், திரும்பவும் நாலு. மாமா நடுவுல உக்காந்து "ரெண்டு பேரும் மாவை வெச்சு என்னடி பண்றீங்க"ங்கறாரு.

கிருஷ்ணகிரி டீச்சர்
ஞாயிறு, மாலை 6:25

அருமை! கணக்கைப் போட்டுடலாம். அத்தை டம்ளர் 500ஐ மூணால வகுத்தா 167 கிராம். உங்க டம்ளர் 125 கிராம். நாத்தனார் செய்முறைக்குத் தேவை ரெண்டு அமெரிக்கக் கப், அதாவது 240 கிராம் மைதா. போனது 334. நூறு கிராமுக்குப் பக்கமா கூட.

இப்ப ஈரச் சாமான். வேண்டியது கூழ் 240, தயிர் 120, எண்ணெய் 120, மொத்தம் 480 மில்லி. குக்கர் கப்புல போனது 180, 90, 90, மொத்தம் 360. கால் பாகம் காணோம். ஒரு கிராம் மைதாவுக்கு ரெண்டு மில்லி ஈரம் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணு சொச்சம்தான் இருந்திருக்கு. அது கேக் மாவு இல்லம்மா, சப்பாத்தி மாவுக்குத் தங்கச்சி.

சர்க்கரை மட்டும் தப்பிச்சிருக்கு, 250 மில்லி டம்ளர்ல 208 கிராம். அதனாலதான் செங்கல்லா இருந்தாலும் இனிப்பு சரியா இருந்திருக்கும்.

பாலக்கோட்டு மருமக
ஞாயிறு, மாலை 6:40

ஆமா டீச்சர்! இனிப்பு சரியா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்.

கண்ணளவு
ஞாயிறு, இரவு 8:10

சரி, தோத்தேன். அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "நானும் அளந்துதான்டா போடுறேன், உன் கண்ணுக்குத் தெரியல"ங்கறாங்க. அதிரசத்துக்குப் பச்சரிசி இந்த டப்பா, வெல்லம் அந்தக் கிண்ணம்னு முப்பது வருஷமா அதே பாத்திரமாம். அந்தக் கிண்ணத்தைத்தான் போன மாசம் நான் நாய்க்குச் சோறு வைக்க எடுத்துட்டுப் போயிட்டேன். வீட்டுல ஏன் திட்டு விழுந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது.

ஒரு கேள்வி. முட்டை கேக்குக்கு "3 முட்டை"ன்னு போட்டா அதுக்கும் எடை உண்டா?

ஓசூர் மாஸ்டர்
ஞாயிறு, இரவு 11:20

உண்டு அண்ணே. அமெரிக்கச் செய்முறையில 'பெரிய முட்டை'ன்னா ஓடு இல்லாம 50 கிராம். நம்ம கடையில வர்ற நாமக்கல் முட்டை பல நேரம் ஓட்டோடயே 50ல இருந்து 55தான் இருக்கும். ஓடு பத்துல ஒரு பங்குக்குச் சொச்சம் எடை. உடைச்சுக் கிண்ணத்துல ஊத்தி நிறுத்துக்குங்க, 150 வரலேன்னா இன்னொண்ணு உடைச்சு அடிச்சுத் தேவையானதை மட்டும் ஊத்துங்க.

கேட்டவங்களுக்கு நான் வழக்கமா சொல்ற கணக்கு, 240 மில்லி கப்புக்கு: மைதா தூவி அளந்தா 120. சர்க்கரை 200. பொடிச்ச சர்க்கரை 120, அதுவும் மைதா மாதிரிதான், ஆள ஏமாத்திடும். வெண்ணெய் 227. பால் 245க்குப் பக்கம். தேன் 340, ஒரு கப் தேன் ஒண்ணேகால் கப்புக்கு மேல தண்ணி எடை, பார்த்தா தெரியாது. கோகோ பவுடர் 85ல இருந்து 100 வரைக்கும், கட்டி உடைச்சு சலிச்சுட்டு நிறுங்க. பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் 4 கிராம்.

அந்தக் கடைசி சாமானை மட்டும் வீட்டுத் தராசுல நிறுக்காதீங்க. வீட்டுத் தராசு ஒரு கிராம் முன்ன பின்ன காட்டும். 240 கிராம் மைதாவுல ஒரு கிராம் போனா போகட்டும். 4 கிராம் பவுடர்ல ஒரு கிராம்னா கால்வாசி! அதுக்கு ஸ்பூன்தான் நல்லது. ஆனா ரசம் கலக்குற ஸ்பூன், ஹார்லிக்ஸ் ஸ்பூன் எல்லாம் 5 மில்லி கிடையாது. பிள்ளைங்க இருமல் மருந்து பாட்டிலோட ஒரு மூடி வருமே, 2.5, 5, 10ன்னு கோடு போட்டு, அதைக் கழுவிக் காய வெச்சு வெச்சுக்குங்க.

கட்டி வெண்ணெயக் கப்புல அமுக்கவும் வேண்டாம். அரை கப் வேணும்னா கப்புல பாதிக்குக் குளிர்ந்த தண்ணி ஊத்தி, தண்ணி விளிம்புக்கு வர்ற வரைக்கும் வெண்ணெயத் துண்டு துண்டா உள்ள போட்டு முக்குங்க. மிதந்தா விரலால அமுக்கிப் பாருங்க. தண்ணிய வடிச்சா 113 கிராமுக்குப் பக்கத்துல நிக்கும்.

அரூர் கேவுரு
திங்கள், காலை 6:55

கேவுரு மாவுல செய்யறவங்களுக்கு என் பங்குக்கு ரெண்டு வார்த்தை. மைதாவுக்குப் பதிலா கேவுரு போடும்போது கப்புக்குக் கப்பு மாத்தாதீங்க, கிராமுக்குக் கிராம் மாத்துங்க. எங்க ஊர் மில்லுல அரைச்ச மாவு 240 மில்லி கப்புல மெதுவா தூவினாலே 140 கிராம் வருது. மைதாவ விடக் கனம். அதே கேவுரு, மில் சூடா ஓடின நாள்ல அரைச்சா நைசா வருது, இன்னும் அமுங்குது. பாக்கெட் மாவு வேற மாதிரி. ஒவ்வொரு தடவை அரைச்சதும் ஒரு கப் நிறுத்து டப்பா மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவேன்.

கேவுருல பசைத்தன்மை இல்ல, முழுசா மாத்தினா உதிரும். நான் பாதி கோதுமை மாவு சேர்க்கிறேன்.

வெல்லம் இன்னும் மோசம். பொடி வெல்லம் ஒரு கப் 150ம் வரும், அமுக்கினா 200ம் தாண்டும். உருண்டை வெல்லத்தை அப்படியே நிறுத்துத் தட்டிப் போடுறதுதான் நிம்மதி. வெல்லத்துல ஈரம் வேற இருக்கு, அதுக்குத் தயிரைக் கொஞ்சம் குறைச்சுக்கணும்.

பழைய படி
திங்கள், காலை 8:45

வெல்லம் எடுத்தல் அளவை என்று நேற்றே சொன்னேன்.

பாலக்கோட்டு மருமக
திங்கள், இரவு 9:15

தராசு வாங்கியாச்சு. நான் கேக்கல, மாமாவே தர்மபுரி போனப்ப வாங்கிட்டு வந்துட்டாரு. "தினம் ரெண்டு பேரும் மாவை அளந்து சண்டை போடுறதுக்கு இது மலிவு"ங்கறாரு. ஆனா இது சரியா காட்டுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சரியான எடைக்கல் எங்கிட்ட இல்லையே.

கிருஷ்ணகிரி டீச்சர்
திங்கள், இரவு 9:50

வீட்டுல பத்து ரூபா நாணயம் இருக்கும் பாருங்க. நம்ம ஊர்ல பாதிக் கடை வாங்க மாட்டேங்கறதால எல்லார் வீட்டு உண்டியல்லயும் அதுதான் கிடக்கு. ஒண்ணு 7.7 கிராம். பத்து நாணயத்தை மொத்தமா வைங்க, 77 காட்டணும். அப்புறம் பிரிக்காத ஆவின் அரை லிட்டர் பாக்கெட் வைங்க. பால் தண்ணிய விடக் கொஞ்சம் கனம், 515 கிராம், கவர் எடை ரெண்டு மூணு கிராம் கூட. சின்ன எடை, பெரிய எடை ரெண்டுலயும் ஒத்து வந்தா தராசு நல்ல தராசு.

தராசைச் சமமான இடத்துல வைங்க, மெத்துன்னு துணி மேல வேண்டாம். காலிக் கிண்ணத்தை வெச்சுட்டுப் பூஜ்ஜியம் பட்டனை அமுக்குங்க. மைதா போடுங்க, மறுபடி பூஜ்ஜியம், சர்க்கரை போடுங்க, மறுபடி பூஜ்ஜியம். ஒரே கிண்ணத்துல வேலை முடிஞ்சுது, கழுவுற பாத்திரமும் மிச்சம். ஒண்ணு மட்டும்: பூஜ்ஜியத்துல நிக்கும்போது சிட்டிகை சிட்டிகையாத் தூவினா சில தராசு கண்டுக்காது, பூஜ்ஜியத்துலயே நிக்கும். கொஞ்சம் சேர்த்துப் போடுங்க.

மளிகை அண்ணாச்சி, காவேரிப்பட்டணம்
செவ்வாய், காலை 6:10

என் கடையில பத்து ரூபா நாணயம் வாங்குறேன். பதிவுல இருக்கட்டும்.

பாலக்கோட்டு மருமக
புதன், மாலை 4:35

பத்து நாணயம் 77. பால் பாக்கெட் 518. 👍

கேக் நேத்து ராத்திரி போட்டேன். மைதா 240, சர்க்கரை 200, கூழ் 250, தயிர் 120, எண்ணெய் 110, மத்தது இருமல் மருந்து மூடியில. மாவு கரண்டியில இருந்து பட்டு ரிப்பன் மாதிரி மடிஞ்சு மடிஞ்சு விழுந்துச்சு. 38 நிமிஷத்துல குச்சி சுத்தமா வந்துச்சு. நடுவுல லேசா ஒரு கீறல், அவ்வளவுதான். அமுக்கினா எழும்புது! மாமா மூணு துண்டு சாப்பிட்டுட்டு சாம்பார் பத்தி வாயே திறக்கல. அத்தைதான் "இவ்வளவு கொஞ்சமா மாவு போட்டு இவ்வளவு பெரிசா வருதே"ன்னு பாத்திரத்தைச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க.

மாஸ்டர் அண்ணா, ஓசூர்ல இருக்கிற என் தங்கச்சி இதே அளவுல செய்யலாமா? உயரத்துல அளவு மாறும்னு எங்கயோ படிச்சேன்.

ஓசூர் மாஸ்டர்
புதன், இரவு 11:40

செய்யலாம் தங்கச்சி. ஓசூர் 900 மீட்டருக்குக் கொஞ்சம் கீழ. தண்ணி இங்க 97 டிகிரிலயே கொதிச்சிடும். அளவு மாத்துற கதையெல்லாம் இந்த உயரத்துக்கு மேலதான் ஆரம்பிக்கும். கேக் நடுவுல அமுங்கினா பேக்கிங் பவுடரைக் கால் டீஸ்பூன் குறைக்கச் சொல்லுங்க. உங்க பக்கம் அந்தக் கவலையே வேண்டாம்.

பாலக்கோட்டு மருமக
வியாழன், காலை 10:20

கடைசியா ஒண்ணு. சீசன் முடியப் போகுது. கூழைக் கப்புக் கணக்குல பிரிச்சு ஃப்ரீசர்ல போட்டு வெச்சா தீபாவளிக்கு எடுத்துக்கலாமா? உறைஞ்சா அளவு மாறுமா?

கிருஷ்ணகிரி டீச்சர்
வியாழன், மதியம் 12:45

கொள்ளளவு மாறும், உறையும்போது விரியும். அதனால கவர்ல விளிம்பு வரைக்கும் ஊத்தாதீங்க. எடை மாறாது. 250, 250 கிராமா நிறுத்துக் கட்டி மேல பேனாவால எழுதிடுங்க. எடுக்கும்போது கவர்லயே முழுசா உருக விட்டு, கீழ தேங்கின தண்ணியோட சேர்த்து ஊத்துங்க, அந்தத் தண்ணியும் 250க்குள்ளதான் இருக்கு.

மளிகை அண்ணாச்சி, காவேரிப்பட்டணம்
வியாழன், மதியம் 1:05

பெங்களூரா ஒரு கூடை கடைக்கு வந்திருக்கு. சொல்லி வெச்சேன்.